ஆணியில் தொங்கிய கம்பி

அத்தியாயம் ஒன்பது

மதியம் மூன்று மணிக்கு லாண்டரியின் ரோலர் அறையில் இருந்தவர்கள்:

பெரியவன். லாண்டரியை நடத்துகிறவன்.

அவன் பெண்டாட்டி. லாண்டரி லைசென்ஸ் இவள் பெயரில் இருக்கிறது.

சின்னவள். பெரியவனின் ஒரே தங்கை. வேலைத்துணை நிலையத்தை ஆரம்பித்தவள். வலது கையில் விரல் இரண்டு.

ஆபரேட்டர். டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நிலையத்தில் பங்காளி. கண் தெரியாது.

நேர்கோடு. வேலைக்கு வந்தவன். வயது முப்பத்துநாலு.

தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியம்மா.

இது சின்னவள் தன் வருகை நோட்டில் இடது கையால் கோணல்மாணலாக எழுதி வைத்த பட்டியல். விரல் கணக்கையும் அவளேதான் எழுதினாள். அடுத்தவர் சொல்வதற்குள் தானே சொல்லிவிடுவது அவள் பழக்கம்.

அந்த ஆறு பேரும் அந்த அறைக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதைக் காலையிலிருந்து சொன்னால்தான் புரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், துணியைச் சூடாக உருட்டித் தேய்க்கிற அந்த ரோலர் மெஷின், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்போடு சேர்த்து அவள் மூன்று விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது. அவளுடைய 'கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்துவிட்டான் பெரியவன். தனக்குத் தெரிந்த டாக்டரிடம் 'ரோலர் விபத்தால் எந்த வேலைக்கும் தகுதியற்றவர்' என்று ஒரு பேப்பரும் வாங்கினான். தையல் பிரிப்பதற்கு முன்பே அந்தப் பேப்பரைத் தங்கையின் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினான். இடது கையில்தான் கொடுத்தான். அதிலொன்றும் தப்புச் சொல்ல முடியாது.

அந்தப் பேப்பரை அவள் கிழிக்கவில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டு, கல்யாணப் பத்திரிகை மாதிரி பத்திரமாக வைத்திருந்தாள்.

கை கால் சரியில்லாதவர்களுக்கும், கண் காது இல்லாதவர்களுக்கும், புத்தி மெதுவாக ஓடுகிறவர்களுக்கும் வேலை தேடிக் கொடுத்து, வேலை பழகும் வரை கூடவே நிற்கிற நிலையம் ஒன்றை அவள் ஆரம்பித்தபோது, நல்ல மனசு என்று ஊரே சொன்னது. அவளும் மறுத்துப் பேசவில்லை. மறுத்தால் நன்கொடை நின்றுபோகும்.

உண்மையான காரணம் அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

* * *

நிலையம் என்றால் சாவிக் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஒரு மேஜை, நாலு நாற்காலி, ஒரு போன். சுவரில் வரிசையாகப் பன்னிரண்டு படங்கள். ரோலர் வேலையைப் பன்னிரண்டு படியாகப் பிரித்து அவளே வரைந்தது. முதல் படம், ரோலருக்குள் கை போகாமல் தடுக்கிற கம்பி மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. கடைசிப் படம், மடித்த விரிப்பை அடுக்கில் வைப்பது.

காலை ஒன்பது மணிக்கு நேர்கோடு மேஜையில் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தான். ஓரத்தோடு ஓரம் ஒட்டாவிட்டால் பிரித்து மறுபடியும் ஆரம்பிப்பான். அந்தப் பெயரே அப்படி வந்ததுதான். பேச்சு கம்மி. வரிசை மாறினால் மட்டும் கை நடுங்கும்.

"இப்ப ஒன்பதாவது படி," என்றார் ஆபரேட்டர், நாற்காலியில் சாய்ந்தபடி. துணி உரசும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். "பையன் ராணுவத்துல சேர்ந்திருக்க வேண்டியவன்."

"முப்பத்திநாலு வயசு. பையனாம்," என்றாள் சின்னவள்.

"எனக்கு அறுபத்தி ரெண்டு. எனக்கு நீயும் பொண்ணுதான், மேனேஜரம்மா. சரி, இன்னைக்குக் கடைசித் தேதி. ஞாபகம் இருக்கில்ல?"

மறந்தால்தானே. நிலையத்துக்குப் பதிவு கிடைக்க ஒரு முதலாளி கையெழுத்துப் போட வேண்டும், ஒரு ஆள் அந்த இடத்திலேயே அதிகாரி கண் முன்னால் வேலை செய்து காட்ட வேண்டும். இரண்டு முறை தவணை வாங்கியாகிவிட்டது. பதிவு இல்லையென்றால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான். நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போன பதினோரு பேரும் பழையபடி வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்.

பதினேழு முதலாளிகளிடம் கேட்டுப் பார்த்தாயிற்று. ஒப்புக்கொண்டவன் பெரியவன் ஒருத்தன்தான். பாசத்தில் அல்ல. பதிவு பெற்ற நிலையம் மூலமாக ஆள் எடுக்காத லாண்டரிக்கு இனிமேல் துணி கிடையாது என்று ஆஸ்பத்திரி புதிதாகச் சட்டம் போட்டிருந்தது.

மாடிப்படியில் செருப்புத் தேயும் சத்தம் கேட்டது.

"உங்க அண்ணன்," என்றார் ஆபரேட்டர். "மூணாவது படியில செருப்பைத் தேய்ப்பார். பின்னால ஒரு பொம்பளை. பூனை மாதிரி வர்றாங்க."

பெரியவன் உள்ளே வந்து நின்ற இடத்திலிருந்தே அறையை அளந்தான்.

"இதுதான் ஆபீஸா? என் லாண்டரியில சோப்பு வைக்கிற ரூம் இதைவிடப் பெருசு."

"தெரியும்ணே. அந்த ரூம்லதானே எனக்குக் கட்டுப் போட்டீங்க."

அவன் முகம் ஒரு நொடி சுருங்கி நிமிர்ந்தது. "வந்ததும் வராததுமா ஆரம்பிக்காத. இந்தா உன் படிவம். நாப்பத்தி ஒண்ணு கேள்வி! கக்கூஸ் கதவு எத்தனை அகலம்னு எல்லாமா கேப்ப?"

"சக்கர நாற்காலி போகணுமில்ல. எல்லாத்துக்கும் பதில் எழுதியாச்சா?"

"எழுதியாச்சு. உங்க அண்ணி கையெழுத்தும் போட்டாச்சு."

"அண்ணி, படிச்சுப் பார்த்துத்தானே போட்டீங்க?"

அண்ணி சிரித்தாள். தலையைக் கொஞ்சம் திருப்பி வலது கன்னத்தைக் காட்டியபடி, "ம்? ஆமா ஆமா," என்றாள். எதைக் கேட்டாலும் தாமதமாக வரும் அந்த 'ஆமா'வைக் கேட்டாலே சின்னவளுக்கு எரிச்சலாக இருக்கும். அண்ணனுக்குத் தலையாட்டியே பழகிப்போன ஜென்மம் என்று நினைத்துக்கொள்வாள்.

அவர்கள் படியிறங்கும் வரை காத்திருந்துவிட்டுத்தான் மூன்றாவது பக்கத்தைப் புரட்டினாள். பதினேழாவது கேள்வி. மற்ற நாற்பதையும் இந்த ஒன்றுக்காகத்தான் எழுதினாள் என்றே சொல்லலாம்.

'இந்த இடத்தில் கடந்த பத்து ஆண்டுகளில் விபத்து நடந்ததுண்டா? எப்படி நடந்தது?'

பெரியவன் தன் உருண்டைக் கையெழுத்தில் எழுதியிருந்தான்: இல்லை.

ரொம்ப நாளைக்கு அப்புறம் சின்னவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்ன?" என்றார் ஆபரேட்டர்.

"'இல்லை'ன்னு எழுதியிருக்கான். ஆறு வருஷமா இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். அதிகாரியம்மா நம்ம பதிவுல சீல் குத்தட்டும். குத்தி முடிச்ச நிமிஷம் டாக்டர் பேப்பரை இது பக்கத்துல வைக்கிறேன். பொய்ப் பத்திரம். ஆஸ்பத்திரி ஒப்பந்தம் போச்சு, லாண்டரியும் போச்சு."

ஆபரேட்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாம நிலையம் ஆரம்பிச்சோமா, எலிப்பொறி வச்சோமா?"

"ரெண்டும்தான்."

"நடுவுல இவன் இருக்கானே?"

நேர்கோடு பன்னிரண்டாவது படியை முடித்து, விரிப்பின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தான்.

"அவனுக்கு வேலை கிடைக்கும். கம்பி மாட்டின மெஷின்ல, வேற லாண்டரியில. நான் பார்த்துக்கறேன்," என்றாள்.

* * *

ரோலர் அறைக்கு ஆறு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் வந்தாள். ஆவியும் சோப்பும் சூடான துணியும் கலந்த அதே வாடை. இல்லாத விரல்கள் மூன்றும் சேர்ந்து வலித்தன.

ரோலருக்கு முன்னால் இடுப்பு உயரத்தில் குறுக்கே ஒரு கம்பி பளபளவென்று மாட்டியிருந்தது. கை பட்டால் மெஷினை நிறுத்துகிற தடுப்புக் கம்பி. கம்பியைக் கழற்றினாலும் மெஷின் ஓடாது. ஆனால் கம்பி உட்காரும் பள்ளத்தில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதைத் துணிக் கிளிப் ஒன்றால் அழுத்தி வைத்துவிட்டால், கம்பி இருக்கிறது என்று மெஷின் ஏமாந்துபோகும். ஒரு மணி நேரத்துக்கு நாற்பது விரிப்பு அதிகமாக ஓடும். அன்றைக்கு அப்படித்தான் ஓடியது.

இன்றைக்கு அதிகாரி வருகிறாள் என்று கம்பியை மாட்டி, துடைத்தும் வைத்திருந்தான் பெரியவன்.

"ஆரம்பிக்கலாமா?" என்றாள் அதிகாரியம்மா. அதிகம் பேசாத மனுஷி. கையில் ஒரு அளவுகோல். வந்ததிலிருந்து கதவு, படி, மேஜை என்று அளந்துகொண்டேயிருந்தாள்.

சின்னவள் நேர்கோட்டின் தோளைத் தொட்டாள். "நம்ம ரூம்ல செஞ்ச மாதிரியே. முதல் படியிலிருந்து."

அவன் மெஷின் முன்னால் போய் நின்றான். கம்பியைப் பார்த்தான். மேலே துணிக் கிளிப்புகளோடு ஓடிய கயிற்றைப் பார்த்தான். அவன் தோள் தளர்ந்தது, பழகின வீட்டுக்குள் நுழைந்த மாதிரி.

பிறகு, கம்பியைக் கழற்றினான்.

இடது கையை உயர்த்தி, பார்க்காமலே, கயிற்றில் தொங்கிய பச்சைக் கிளிப்பை எடுத்துப் பொத்தானில் மாட்டினான். இடது பக்கம் திரும்பிக் கம்பியை நீட்டினான்.

அங்கே யாரும் இல்லை.

நீட்டியபடியே நின்றான். வாங்க ஆள் வராமல் அடுத்த படிக்குப் போக முடியாது அவனால்.

"என்ன, எல்லாரும் செத்துட்டீங்களா?" என்றார் ஆபரேட்டர். "ஒரு சத்தத்தையும் காணோம்!"

சின்னவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. விபத்துக்கு முன்னால், கிழிந்த விரிப்புகளைத் தைத்துக் கொடுக்க நேர்கோட்டின் அம்மா நாலு வருஷம் இதே அறை மூலையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகனையும் உட்கார வைத்திருப்பாள். காலை ஏழிலிருந்து மாலை வரை அவன் மெஷினைப் பார்த்தபடியே இருப்பான். அந்த விஷயம் சின்னவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் அவன் பார்த்தது அவன் தலைக்குள் ஏறும் என்று ஒரு நாளும் அவளுக்குத் தோன்றியதில்லை. இப்படிப்பட்டவர்களுக்காக நிலையம் நடத்துகிறவளே அவனை மூலையில் கிடந்த துணிமூட்டை என்றுதான் எண்ணியிருக்கிறாள்.

மேஜையில் பழக்கியது பன்னிரண்டு படி. மெஷினைக் கண்டதும் பழைய வரிசை முன்னால் வந்துவிட்டது.

இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. ஞாபகத்துக்கு வந்தது என்று சொல்வது பொய். அது எப்போதும் இருந்தது. அண்ணன் கம்பியைக் கழற்றினான் என்று ஆறு வருஷமாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். நிஜம்தான். கழற்றிய கம்பி எங்கே போனது என்று யாரும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

நேர்கோட்டின் கை நடுங்க ஆரம்பித்தது. "பிடிங்க சின்னக்கா," என்றான்.

ஓரக்கண்ணில் அண்ணியின் கை லேசாக உயர்ந்து இறங்கியதைப் பார்த்தாள். ஏன் என்று புரியவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. இரண்டு எட்டு வைத்து, மிச்சமிருந்த இரண்டு விரலால் கம்பியை வாங்கினாள். கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியை அவள் கை தேடவே இல்லை, நேராகப் போய் மாட்டியது.

நேர்கோடு நிம்மதியாகச் சுவிட்சுக்குக் கை நீட்டினான்.

"நிறுத்துங்க," என்றாள் அதிகாரியம்மா. "யாருப்பா உனக்கு இப்படிச் செய்யச் சொல்லிக் கொடுத்தது?"

"ஏழு மணி," என்றான் அவன். "பெரியவர் கழட்டுவார். சின்னக்கா மாட்டுவாங்க. அப்புறம் சுவிட்ச்."

பெரியவன் பாய்ந்து வந்தான். "கேட்டீங்களா மேடம்! ஊரெல்லாம் என்னைக் கொலைகாரன்னு சொல்லிட்டுத் திரியறாளே, தினமும் வாங்கி மாட்டினது இவதான்! ஒரு நாளாவது வேண்டாம்னு சொன்னாளா? கேளுங்க!"

"கேக்கறேன்," என்றாள் அதிகாரியம்மா. "தினமும் இவங்க மாட்டினாங்க. தினமும் கழட்டினது யாரு?"

பெரியவன் ஓர் எட்டுப் பின்வாங்கினான்.

சின்னவள் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். பதிவுக்குச் சீல் குத்திய பிறகு எடுக்க வேண்டிய பேப்பர். இன்னும் குத்தவில்லை. அதை மேஜையில் வைத்து, படிவத்தைப் புரட்டி, 'இல்லை'க்குக் கீழே இடது கையால் எழுதினாள்.

'நடந்தது. கம்பியைக் கழற்றியவர் என் அண்ணன். வாங்கி மாட்டியவள் நான். சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்ற ஆசை எனக்கும் இருந்தது. அன்று நான் சீக்கிரமே வீட்டுக்குப் போனேன்.'

அதிகாரியம்மா படித்தாள். பிறகு பொத்தானிலிருந்து கிளிப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஆறு வருஷப் பழசு மாதிரித் தெரியலையே. புத்தம் புதுசா இருக்கு."

பெரியவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

அரைமணியில் மெஷினின் மின்பெட்டி நூலும் அரக்கும் வைத்துச் சீலிடப்பட்டது. சீலுக்கு மேல் அதிகாரியின் கையெழுத்து.

"பதிவைத் தள்ளுபடி பண்ணல," என்றாள் சின்னவளிடம். "நிறுத்தி வச்சிருக்கேன். ஏழு நாள். பாதுகாப்பா ஒரு இடம், கையெழுத்துப் போட ஒரு முதலாளி, வேலைக்கு ஒரு ஆள். வந்தா சீல். வரலைன்னா காலி பண்ணிடுங்க. உண்மையை எழுதினதுக்காக எட்டாவது நாள் தர மாட்டேன்."

அவள் போனதும் பெரியவன் தங்கையின் முகத்துக்கு நேரே வந்து நின்றான்.

"திருப்தியா? என் பொழப்பைக் கெடுத்த. உன் பொழப்பையும் சேர்த்துக் கெடுத்துக்கிட்ட."

"எனக்குக் கெட்டுப் பழக்கம்ணே. உங்களுக்குத்தான் புதுசு."

"இன்னும் நிறைய படி இருக்கு," என்றான் நேர்கோடு, யாரிடமும் இல்லாமல். மெஷினுக்குப் போகாத அந்த விரிப்பை மேஜையில் போட்டு, ஓரத்தோடு ஓரம் ஒட்டி, மடித்து வைத்துவிட்டுத்தான் அறையைவிட்டு நகர்ந்தான்.

* * *

மாலை ஆறு மணி. கீழே சாவிக் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள்.

ஆபரேட்டர் போனில் இருபத்தோராவது முதலாளியிடம் பேசிவிட்டு வைத்தார். "அவர் வீட்டுல கல்யாணமாம். ஏழு நாளும் கல்யாணமாம்."

சின்னவள் சுவரிலிருந்த முதல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்டகூட நீ அந்த ஆணி விஷயத்தைச் சொல்லல," என்றார் அவர்.

"சொல்லல."

"சொல்லியிருந்தா பங்காளியாச் சேர்ந்திருக்க மாட்டேன்னு நினைச்சியா?"

"சொல்லியிருந்தா எனக்குக் கோவம் குறைஞ்சிருக்கும். அது குறையக் கூடாதுன்னு நினைச்சேன்."

"இப்ப குறைஞ்சிருக்கா?"

"இல்ல. நான் மாட்டினேன். ஆனா என்னை வேலைக்கு லாயக்கில்லைன்னு எழுதி வாங்கினது அவன்தான்."

"நல்லது. ஏழு நாளைக்கு அது வேணும்."

கதவு திறந்தது. அண்ணி. தோளில் ஒரு துணிப்பை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள், படியில் சத்தம் கேட்கக் கூடாதென்று. வேலை கேட்டு வருகிறவர்களுக்கான நாற்காலியில், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"அண்ணன் அனுப்பினாரா?" என்றாள் சின்னவள்.

பதில் இல்லை. அந்தத் தாமதமான சிரிப்பு மட்டும்.

"உங்களைத்தான் கேக்கறேன் அண்ணி."

"இந்தப் பக்கம் வந்து பேசு சின்னு," என்றாள் அண்ணி. "அந்தப் பக்கக் காது செத்துப்போச்சு. இந்தப் பக்கம் பாதி. மீதியை உங்க உதட்டைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கறேன்."

சின்னவள் எழுந்து மேஜையைச் சுற்றி வந்தாள். "எத்தனை வருஷமா?"

"ரோலர் பக்கத்துல நிக்க ஆரம்பிச்சு ஆறு வருஷம். காது போய் நாலு."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா உனக்கு வாங்கின மாதிரி எனக்கும் ஒரு பேப்பர் வாங்கியிருப்பாரே." அண்ணி தன் கைகளைப் பார்த்தாள். "மூணு மணிக்கு அவன் கம்பியை நீட்டினப்ப என் கை தானா மேல போச்சு. நீ பார்த்திருப்ப. நீ போன மறுநாள்லேருந்து வாங்கி மாட்டுறது நான்தான். அந்தப் பச்சைக் கிளிப்பும் நான் வாங்கினதுதான். ஒரு அட்டையில பன்னிரண்டு."

சின்னவள் அண்ணியின் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஆறு வருஷமாகத் தன் கோபத்தில் இவளுக்கு ஒரு இடம்கூட ஒதுக்காமல் விட்டது அப்போது உறைத்தது. தலையாட்டுகிறாள் என்று நினைத்தோமே, உதட்டையல்லவா படித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் படிவத்துல முதலாளி கையெழுத்துன்னு கேட்டிருக்கே," என்றாள் அண்ணி. "லைசென்ஸ்ல இருக்கிற பேர்தானே முதலாளி?"

"ஆமா."

"அப்ப அது அவர் இல்ல. நான்."

"ஆமா அண்ணி. நீங்கதான்."

"கம்பியைக் கழட்ட முடியாதபடி வெல்டிங் வச்சுட்டா, அந்த அம்மா சீலை எடுத்துடுவாங்களா?"

"எடுப்பாங்க."

"அவர் விடமாட்டார்."

"விடமாட்டார்."

"அவரைக் கேக்கப் போறதில்ல." அண்ணி பையிலிருந்து லைசென்ஸை எடுத்து மேஜையில் வைத்தாள். பக்கத்தில் லாண்டரியின் சாவிக்கொத்து. "புதுசா முதலாளி படிவம் ஒண்ணு கொடு. இந்தத் தடவை படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடறேன். வேலைக்குப் பேர் எழுதுவீங்களே, அந்தப் படிவமும் ஒண்ணு கொடு. அதுலயும் என் பேரைத்தான் எழுதணும்."

சின்னவள் இழுப்பறையைத் திறந்தாள். இரண்டு படிவத்தையும் எடுத்து வைத்தாள். பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றி நீட்டினாள். காலையில் அவள் வைத்த பொறி அண்ணன் கையிலிருந்து ஒரு லாண்டரியைத்தான் பிடுங்கியிருக்கும். இது வேறு.

அண்ணி ஒன்றாம் கேள்வியிலிருந்து ஆரம்பித்தாள். குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாக.

ஆபரேட்டர் தலையை நிமிர்த்தினார்.

"மேனேஜரம்மா. கீழேருந்து ஒருத்தர் ஏறி வர்றார். வேகமா."

சின்னவளும் கேட்டாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது படியில் செருப்பு தேய்ந்தது.

அண்ணிக்குக் கேட்கவில்லை. அவள் மூன்றாம் பக்கத்தைப் புரட்டி, பதினேழாவது கேள்விக்குக் கீழே, 'நடந்தது' என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

சின்னவள் எழுந்து போய், அண்ணியின் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, இரண்டு விரலால் சாவியை இரண்டு முறை திருப்பினாள்.